குளிர்காலத்தில் குதிரையின் ரோமத்தை வெட்டலாமா?

அக்டோபர் பிறந்தால் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் குதிரை லாயங்களில் ரோமம் வெட்டும் கருவியான கிளிப்பரின் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். பக்கத்துக் கொட்டிலில் வெட்டிவிட்டார்கள், நாமும் வெட்டிவிடுவோம் என்று பலர் முடிவெடுப்பது அப்போதுதான். அதை ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சவாரி முடிந்து ஒரு மணி நேரம் கழித்து, குதிரையின் மார்பிலும் கழுத்தின் அடியிலும் ரோமத்துக்குள் விரலை விட்டுத் தோலைத் தொட்டுப் பாருங்கள். அடிரோமம் இன்னும் ஈரமாக, தோல் சில்லென்று இருந்தால் வெட்டுவதைப் பற்றி யோசிக்கலாம். காய்ந்து கதகதப்பாக இருந்தால் கிளிப்பர் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

குளிர் வந்ததால்தான் ரோமம் வளர்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. குளிருக்கும் பங்கு இருக்கிறது, ஆனால் வேலையைத் தொடங்கிவைப்பது பகலின் நீளம். ஜூன் 21-க்குப் பிறகு பகல் குறுகக் குறுக, இரவில் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் உடலில் அதிக நேரம் இருக்கிறது. அது புரோலாக்டின் என்ற இன்னொரு ஹார்மோனைக் குறைக்கிறது. குளிர்கால ரோமம் முளைக்கத் தொடங்குகிறது. லண்டனில் கோடையின் மிக நீண்ட பகல் பதினாறரை மணி நேரத்துக்கும் மேல், டிசம்பரில் எட்டு மணி நேரம்கூட இல்லை. சென்னையிலோ இந்த வித்தியாசம் ஒன்றரை மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். சென்னையில் வளரும் குதிரைக்கு இந்தக் கேள்வியே எழாததற்கு வெயில் மட்டும் காரணமில்லை. வடக்கே, வெயில் இன்னும் சுடும் ஆகஸ்ட் கடைசியிலேயே புது ரோமம் தட்டுப்படும். டிசம்பர் 21 கடந்து பகல் நீளத் தொடங்கியதும் உதிர்வதற்கான ஏற்பாடும் தொடங்கிவிடுகிறது. கிளிப்பரை எப்போது எடுப்பது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் இந்தக் கணக்கை ஒட்டித்தான்.

வெட்டினால் எதை இழக்கிறோம் என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ரோமத்தின் அடியிலும் ஒரு நுண்ணிய தசை இருக்கிறது. குளிர் தாக்கும்போது அது ரோமத்தை நிமிர்த்தி நிறுத்தும். ரோமங்களுக்கு இடையே காற்று தங்கும். குதிரையின் முதுகில் விழுந்த பனி உருகாமல் கிடப்பதைப் பார்த்து இரக்கப்படுகிறோம். உண்மையில் உள்ளிருக்கும் சூடு வெளியே கசியவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. தோல் சுரக்கும் எண்ணெய்ப்பசை மழைநீரை வழிந்தோடச் செய்கிறது. இந்த ஏற்பாடு முழுதாக இருந்து, வயிறும் நிறைந்திருந்து, உடம்பும் காய்ந்திருந்தால் சுமார் மைனஸ் 8 முதல் மைனஸ் 15 டிகிரி வரை குதிரை கூடுதலாக எதையும் எரிக்காமல் சமாளிக்கும். கோடை ரோமமோ வெட்டிய உடம்போ என்றால் அந்த எல்லை ஏறக்குறைய 5 டிகிரி. தொப்பலாக நனைந்துவிட்டாலும் கிட்டத்தட்ட அதே கதிதான். எல்லைக்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு டிகிரிக்கும் தேவைப்படும் சக்தி சுமார் 2 முதல் 2.5 சதவீதம் கூடும்.

அப்படியானால் எதற்கு வெட்ட வேண்டும்? வியர்வைக்காக. குதிரையின் வியர்வையில் லாதரின் என்ற புரதம் இருக்கிறது. சோப்பு நுரைப்பதுபோல நுரைத்து, எண்ணெய்ப்பசையுள்ள ரோமம் நெடுக வியர்வையை அது பரப்புகிறது. கோடையில் இது அருமையான ஏற்பாடு. பரந்த வியர்வை சீக்கிரம் ஆவியாகி உடம்பைக் குளிர்விக்கும். ஜனவரியில், மூன்று சென்டிமீட்டர் அடர்ந்த ரோமத்தோடு நாற்பது நிமிடம் ட்ராட் என்னும் துள்ளுநடையும் கேன்டர் என்னும் மிதவேகப் பாய்ச்சலுமாக ஓடினால், ஓடும்போது சூடு வெளியேற வழியில்லை. நின்ற பிறகு ஈரம் வெளியேற வழியில்லை. முழுதாகக் காய இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகலாம். மாலை ஐந்து மணிக்கு வேலை முடித்த குதிரை ஏழு மணி வரை நனைந்த கம்பளியைச் சுற்றிக்கொண்டு நிற்பதுபோல. அந்த ஈரத்தின் மேலேயே போர்வையைப் போட்டுப் பூட்டிவிட்டால் தோலில் கிருமி பெருகும். ஈரத்தில் வளரும் டெர்மடோஃபிலஸ் என்ற பாக்டீரியாவால் முதுகில் பக்கு பக்காக ரோமம் உரிந்து வரும். மறுநாள் அதன் மேல் சேணம் வைத்தால் புண்.

யாருக்கு வேண்டாம்? வாரம் இரண்டு மூன்று நாள் நடையும் கொஞ்சம் ட்ராட்டும் மட்டும் போகும் குதிரைக்கு வேண்டாம். கடைசிப் பத்து நிமிடம் நடக்கவிட்டு, ஈரத்தை உறிஞ்சி வெளித்தள்ளும் ஃப்ளீஸ் போர்வையை அரை மணி நேரம் போட்டாலே அது காய்ந்துவிடும். குட்டிகளுக்கும், மெலிந்தவற்றுக்கும், பல் தேய்ந்து புல்லை மெல்ல முடியாத கிழக்குதிரைகளுக்கும் வேண்டாம். மேய்ச்சலிலேயே இரவும் பகலும் போர்வையின்றி நிற்பவற்றுக்கும் வேண்டாம். இன்னொரு கூட்டத்தையும் சேர்க்கிறேன். காலையும் மாலையும் வந்து போர்வையை மாற்ற ஆள் இல்லாதவர்கள் குதிரையின் ரோமத்தை வெட்டக் கூடாது. நீங்கள் எடுத்துவிட்டது தானே விரியும், தானே அடங்கும் ஒரு போர்வை. அதற்குப் பதிலாக நீங்கள் போடும் போர்வைக்கு அந்த அறிவு கிடையாது. காலை மைனஸ் 2, மதியம் 11 என்று மாறும் நாட்களில் யாராவது வந்து கழற்றியாக வேண்டும்.

இரண்டு விதிவிலக்குகள் உண்டு. பிட்யூட்டரி கோளாறு வந்த வயதான குதிரைகளுக்கு ரோமம் சுருண்டு நீண்டு, கோடையிலும் உதிராது. வெயிலில் அவை படும் பாட்டைத் தீர்க்கக் கோடையிலேயே வெட்ட வேண்டியிருக்கும். ரோமத்தைப் பார்த்துச் சந்தேகம் வந்தால் முதலில் கால்நடை மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை. இரண்டாவது, போனிகள் எனப்படும் குள்ளக் குதிரைகளில் குண்டான மலைநாட்டு வகைகள். குளம்பழற்சி வரும் ஆபத்துள்ள, ஆரோக்கியமான, இளவயதுப் போனிக்கு, உடம்பின் கீழ்ப்பகுதியில் மட்டும் ரோமத்தை எடுக்கும் டிரேஸ் கிளிப் வெட்டி, ஒதுங்க இடம் தந்து, போர்வை போடாமல் விட்டால் உடம்புச் சூட்டுக்காகச் சொந்தக் கொழுப்பை எரிக்கும். பிரிட்டனில் கால்நடை மருத்துவர்களே சொல்லும் வழி இது. தடித்த போர்வைக்குள் அதை மூடி வைத்து, உணவையும் குறைத்துப் போராடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

எவ்வளவு வெட்டுவது என்பதில் என் கருத்து ஒன்றே: வியர்க்கும் இடத்தை மட்டும் எடுங்கள். ஒரு நாள் கடினமாக வேலை வாங்கிவிட்டு, சேணத்தைக் கழற்றியதும் ஒரு புகைப்படம் எடுங்கள். ஈரம் கருத்துத் தெரியும் இடம்தான் வெட்ட வேண்டிய வரைபடம். தொண்டையடியிலும் மார்பிலும் மட்டும் ஈரம் என்றால் பிப் கிளிப் போதும். ஈரம் முன்னங்கால் இடுக்கு வழியாக வயிற்றடிக்குப் போனால் டிரேஸ் கிளிப். வண்டிக் குதிரையின் இழுவார் ஓடும் கோட்டுக்குக் கீழே வெட்டுவது என்பதால் வந்த பெயர் அது. கோட்டைக் கீழே இறக்கலாம், மேலே ஏற்றலாம். காதுக்குப் பின்னாலிருந்து வயிறு வரை ஒரே சாய்கோடாக இழுத்தால் ஐரிஷ் கிளிப். நேர்கோடு ஒன்றே என்பதால் முதல் முறை வெட்டுபவர்களுக்கும், பயந்த குதிரைகளுக்கும் இது வசதி. கழுத்து முழுதும் எடுத்து, முதுகிலும் பிட்டத்திலும் கால்களிலும் மட்டும் ரோமத்தை விட்டால் பிளாங்கெட் கிளிப். வாரம் ஐந்து நாள் உழைக்கும் குதிரைக்குச் சரி. ஹன்டர் கிளிப்பில் கால்களும் சேணத்தின் அடியும் மட்டும் மிஞ்சும். ஃபுல் கிளிப்பில் எதுவும் மிஞ்சாது. குளிர்காலம் முழுக்கப் போட்டிக்குப் போய், இரவெல்லாம் கொட்டிலில் நிற்கும் குதிரைகளுக்கு மட்டுமே அது. சந்தேகம் இருந்தால் சிறியதில் தொடங்குங்கள். பிப் கிளிப்பை மூன்று வாரம் கழித்து டிரேஸ் கிளிப்பாக்கலாம். ஹன்டர் கிளிப்பைத் திரும்பப் பெற முடியாது. கால் ரோமத்தை விடுவது முள்ளுக்கும் சேற்றுக்கும் ஒரு கவசம். குளம்புக்கு மேலுள்ள மடிப்பில் பூச்சி பிடித்த, கால் ரோமம் அடர்ந்த ஷைர், காப் வகைக் குதிரைகளுக்கு அங்கே மருந்து போய்ச் சேர்வதற்காகக் கால் ரோமத்தை எடுப்பது தனி விஷயம், அதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

முடிவெடுத்தாயிற்று என்றால், வேலை வெட்டும் நாளுக்கு முந்தின நாளே ஆரம்பிக்கிறது. பாதிக்கு மேற்பட்ட தொல்லைகள் அழுக்கு ரோமத்தால் வருபவை. மணலும் பொடுகும் எண்ணெய்ப்பசையும் பிளேடின் பற்களுக்கிடையே போய் அரைபட்டு, ஒரே குதிரையில் முனையை மழுக்கிவிடும், பிளேடு சூடேறும், வெட்டுவதற்குப் பதிலாக ரோமத்தைப் பிடித்து இழுக்கும், குதிரை உதைக்கும். பிறகு ‘இதற்குக் கிளிப்பரே பிடிக்காது’ என்று அதன் தலையில் பழி. முந்தின நாள் வெந்நீரில் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, முழுதும் காயவைத்து, சுத்தமான போர்வை போட்டு நிறுத்துங்கள். குளிப்பாட்ட முடியாத குளிர் என்றால் ரப்பர் சீப்பால் அரை மணி நேரம் தேய்த்து, வெந்நீரில் நனைத்து இறுக்கிப் பிழிந்த துண்டால் துடைக்கலாம். ஈர ரோமத்தில் கிளிப்பர் ஓடவே ஓடாது.

பிளேடு விஷயத்துக்கு வருவோம். பெரிய கிளிப்பர்களுக்கு ஃபைன், மீடியம், கோர்ஸ் என்று மூன்று தரம். மீடியம் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் ரோமத்தை விட்டுவைக்கும். முதல் முறை வெட்டுபவர் அதையே எடுக்க வேண்டும். ஃபைன் பிளேடு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர்தான் விடும். கை சற்று நடுங்கினாலும் கோடு விழுந்துவிடும். முகத்துக்குச் சிறிய டிரிம்மரும் 10-ஆம் எண் பிளேடும் போதும். மேல் தகடும் கீழ்த் தகடும் சேர்ந்தே சாணை பிடிக்கப்பட்டவை. இரண்டு ஜோடிகளைக் கழற்றிக் கலந்துவிட்டால் இரண்டுமே வீண், அதனால் ஒவ்வொரு ஜோடியையும் தனித்தனியாகச் சுற்றி வையுங்கள். சாணை பிடித்த ஒரு ஜோடிக்குச் சுத்தமான குதிரை ஒன்றிரண்டு என்று கணக்கு வைத்து, கையில் ஒரு ஜோடியை உபரியாக வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

பிளேடுகளை இறுக்கும் டென்ஷன் திருகில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். எஞ்சின் நின்றிருக்கும்போது, லேசான எதிர்ப்பு விரலுக்குத் தெரியும் வரை திருகை முறுக்க வேண்டும். லிஸ்டர் வகைக் கிளிப்பர்களில் அங்கிருந்து ஒன்றரைச் சுற்றுப் பின்னால் தளர்த்த வேண்டும். மற்ற வகைகளுக்கு அவற்றின் கையேடு என்ன சொல்கிறதோ அது. பிறகு எண்ணெய் விட்டு ஓடவிடுங்கள். வெட்டாமல் நழுவினால் சிறிதளவு மட்டும் முறுக்குங்கள். அப்படி இரண்டு மூன்று தடவை முறுக்கியும் வெட்டவில்லை என்றால் பிளேடு மழுங்கிவிட்டது என்று அர்த்தம். மேலும் முறுக்கினால் சூடும் தேய்மானமும்தான் மிச்சம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, பற்களைத் துலக்கி, பற்களின் மேலும் எண்ணெய்த் துளைகளிலும் சில சொட்டு விட்டு, காற்றுச் சல்லடையில் அடைத்த ரோமத்தை ஊதி எடுங்கள். பிளேடை உங்கள் மணிக்கட்டின் உட்புறம் வைத்துப் பாருங்கள். உங்களால் பொறுக்க முடியாத சூட்டைக் குதிரையின் ரோமம் வெட்டிய தோலும் பொறுக்காது.

இடம் உலர்ந்த, வெளிச்சமான, வழுக்காத ரப்பர் பாய் போட்ட கொட்டிலாக இருக்கட்டும். மின்சாரக் கிளிப்பர் என்றால் ஆர்.சி.டி. எனப்படும் மின்கசிவுத் தடுப்பானைச் செருகாமல் தொடங்க வேண்டாம். வயர் குதிரையின் காலுக்குப் பின்னால் போகக் கூடாது. தலைக்கவசமும் ரப்பர் அடிப்பாதமுள்ள காலணியும் போட்டுக்கொள்ளுங்கள். கயிற்றைப் பிடிக்க ஒருவர் வேண்டும், அவர் எப்போதும் நீங்கள் நிற்கும் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

கோடுகளை முதலில் சாக்கட்டியால் வரையுங்கள். இரு பக்கமும் ஒரே உயரமா என்று பார்க்க, முதுகின் மேல் ஒரு நூலைக் குறுக்காகத் தொங்கவிட்டு இரு முனையும் கோட்டைத் தொடுகிறதா என்று பாருங்கள். ஹன்டர் கிளிப்புக்குச் சேணத்தின் அடிவிரிப்பை வைத்தே சுற்றி வரைந்துகொள்ளலாம். ஆனால் குதிரையின் மேல் யாராவது உட்கார்ந்தால் சேணம் எங்கே வருமோ அந்த இடத்தில். அதிகம் முன்னால் வைத்துவிட்டால் பின்பக்கம் வெறும் தோலில் உரசும்.

தோள்பட்டையிலிருந்து தொடங்குங்கள். தட்டையான, கூச்சம் இல்லாத இடம். கிளிப்பரைப் படுக்கையாக வைத்து, ரோமம் படுத்திருக்கும் திசைக்கு எதிராக, நீளமாக, நிதானமாக இழுக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்பும் முந்தின இழுப்பின் மேல் ஒரு விரல் அகலம் ஏறி வரட்டும். கையின் கனமே போதும், அழுத்தக் கூடாது. விலாவுக்கும் பின்தொடைக்கும் நடுவிலுள்ள பள்ளத்துக்கு வரும்போது சுழி குறுக்கிடும். அங்கே ரோமம் ஒரு மையத்திலிருந்து விசிறியாகப் பிரிகிறது. கீழிருந்து மேலே போய்க்கொண்டிருந்த கிளிப்பர் திடீரென்று ரோமத்தின் போக்கிலேயே சறுக்கி எதையும் வெட்டாது. இடது உள்ளங்கையால் தோலை முன்பக்கமாக இழுத்துப் பிடித்து, மணிக்கட்டைத் திருப்பி, சுழியைச் சுற்றிச் சிறு சிறு இழுப்புகளாக நான்கைந்து திசையிலிருந்து மையத்தை நோக்கி வர வேண்டும். முன்னங்கால் இடுக்கில் தோல் மடிந்து தொங்கும், பிளேடின் பல் அதில் மாட்டினால் கிழியும். கயிறு பிடிப்பவர் அந்தக் காலைத் தூக்கி முன்னால் நீட்டினால் மடிப்பு விரிந்துவிடும்.

பிடரியின் ஓரத்தில் ஒரு விரல் அகலம் விட்டே போங்கள். அங்கே ஒரு தவறான இழுப்பு போதும், வளர்ந்து சேர ஒரு வருடம் ஆகும். வால் தொடங்கும் இடத்தில் தலைகீழ் ‘வி’ வடிவில் ரோமத்தை விடுவது வழக்கம். காதின் உள்ளே வெட்டக் கூடாது. இரு ஓரத்தையும் சேர்த்து மடித்துப் பிடித்து, வெளியே நீட்டியிருப்பதை மட்டும் எடுக்கலாம். மூக்கையும் கண்ணையும் சுற்றியுள்ள நீண்ட மீசை ரோமங்களைத் தொடவே வேண்டாம். தன் மூக்குக்கு நேர்கீழே இருப்பதைக் குதிரையால் பார்க்க முடியாது. தீவனத் தொட்டியையும் வேலியையும் அவற்றால்தான் அறிகிறது. 2021 ஜூலை 1 முதல் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு, அவற்றை வெட்டிய குதிரைகளைத் தன் போட்டிகளில் அனுமதிப்பதில்லை. ஜெர்மனியில் அதற்கும் பல ஆண்டுகளுக்கு முன்பே தடை.

பழகாத குதிரைக்கு வெட்டும் நாளன்றே கிளிப்பரை அறிமுகப்படுத்துவது கொடுமை. ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே, தீவனம் தின்னும்போது தூரத்தில் ஓடவிடுங்கள். பிறகு உங்கள் கையை அதன் தோளில் வைத்து, ஓடும் கிளிப்பரின் பின்பக்கத்தை உங்கள் கையின் மேல் வையுங்கள். அதிர்வு மட்டும் போய்ச் சேரும். அதன் பின்னும் நடுங்கினால் மல்லுக்கட்டாமல் மருத்துவரை அழையுங்கள். நாக்கின் அடியில் தடவும், அரைமயக்கம் தரும் டெட்டோமிடின் ஜெல் எழுதிக்கொடுப்பார். கையுறை போட்டுத் தடவி, நாற்பது நிமிடம் அமைதியாக விட வேண்டும். முன்னதாகவே கிளிப்பரை ஓட்டினால் மருந்து வேலை செய்யாது. மயக்கத்திலும் குதிரை முன்னறிவிப்பின்றி உதைக்கும் என்பதை மறக்க வேண்டாம். சில குதிரைகளுக்கு வியர்க்கவும் செய்யும், ஈரத்தில் பாதியிலேயே நிறுத்த நேரிடலாம். முழுதாகத் தெளியும் வரை தீவனம் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

வெட்டி முடித்ததும் ஒரு வாளி வெந்நீரில் துண்டை நனைத்து, சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் பிழிந்து, ரோமத்தின் போக்கில் துடைத்தால் ஒட்டியிருக்கும் துகளும் பொடுகும் போய்விடும், அரிப்பு இருக்காது. உடனே போர்வை. வெட்டிய பகுதி சாம்பல் பூத்து மங்கலாகத் தெரிந்தால் கவலை வேண்டாம். செம்பழுப்புக் குதிரைக்கு ரோமத்தின் அடிப்பகுதி வெளிறியதுதான்.

போர்வையின் கனத்தை உள்ளே அடைத்த பஞ்சின் கிராமில் சொல்வார்கள். பிளாங்கெட் கிளிப் வெட்டி, சரியான உடல்வாகில் இருக்கும் குதிரைக்கு 10 டிகிரிக்கு மேல் 50 முதல் 100 கிராம், 5 முதல் 10 டிகிரிக்கு 200, பூஜ்யத்தை நெருங்கினால் 300, அதற்கும் கீழே போனால் கழுத்து மூடியும் சேர்த்து என்று தொடங்கலாம். காற்று, மழை, குதிரையின் வயது, அது நிற்கும் கொட்டில் எல்லாம் இந்தக் கணக்கை மாற்றும். ஆகவே கையைத்தான் நம்ப வேண்டும். போர்வைக்குள் தோளுக்குப் பின்னால் கையை விட்டால் வெதுவெதுவென்று இருக்க வேண்டும். பிசுபிசுத்தால் போர்வை அதிகம். சில்லென்றிருந்து முதுகும் குறுகியிருந்தால் குறைவு. காது குளிர்ந்திருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். குளிர் கூடும் இரவில் தானியத்தைக் கூட்டுவதைவிட உலர்புல்லைக் கூட்டுங்கள். பெருங்குடலில் நார்ச்சத்து நொதிக்கும்போது எழும் சூடுதான் குதிரையின் உள்ளடுப்பு. 500 கிலோ குதிரைக்கு நாளுக்கு 8 முதல் 10 கிலோ என்பது அடிப்படை. வெட்டிய குதிரைக்கு உறைபனி இரவில் இன்னும் ஒன்றிரண்டு கிலோ. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போர்வையைக் கழற்றி விலாவைத் தடவிப் பாருங்கள். போர்வைக்குள் குதிரை மெலிவது கண்ணுக்குத் தெரியாது.

அக்டோபர் தொடக்கத்திலேயே வெட்டினால் ரோமம் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும், மூன்று நான்கு வாரத்தில் மறுபடி வெட்ட வேண்டிவரும். குளிர்கால ரோமம் முழுதாக வந்து நிலைத்த பிறகு, அக்டோபர் கடைசியில் தொடங்கினால் ஒரு தடவை குறையும். கடைசித் தடவை ஜனவரி முடிவதற்குள். அதன் பிறகு பழைய ரோமத்தின் அடியில் கோடைக்கான ரோமம் முளைக்கத் தொடங்கியிருக்கும். கிளிப்பர் அதன் நுனியையும் சேர்த்து எடுத்துவிட்டால் மே மாதம் வரை உடம்பு மங்கலாகவும் சொரசொரப்பாகவும் கிடக்கும். பிப்ரவரி வந்ததும் டென்ஷன் திருகைத் தளர்த்தி, பிளேடுகளைத் துடைத்து, எண்ணெய் பூசி, மழுங்கியவற்றை உடனே சாணைக்கு அனுப்பிவிடுங்கள். செப்டம்பர் வரை விட்டால் துருவும் ஏறியிருக்கும், சாணைக்காரரிடம் கூட்டமும் சேர்ந்திருக்கும்.